அமீரகத்தில் கெட்ட வார்த்தையும் கைச்சைகையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துபாயிலும் ஷார்ஜாவிலும் பல ஆண்டுகளாக வேலை செய்துவரும் எனக்கு, ஊரிலிருந்து புதிதாக வரும் தம்பிமார்களிடமிருந்து ஒரே வகைச் சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. வழக்கில் சிக்கிய பிறகு அழைப்பவர்களும் அவர்களில் உண்டு. கேட்டவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளையும், என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

1. அண்ணே, கெட்ட வார்த்தை பேசினாலே போலீஸ் கேஸா? ஊரில் இதெல்லாம் சாதாரணம்தானே?

ஆம், அமீரகத்தில் வசைச்சொல் மட்டுமே ஒரு குற்றத்துக்குப் போதும். 2022 ஜனவரி 2 முதல் நடைமுறையில் இருக்கும் 2021-ஆம் ஆண்டின் 31-ஆம் எண் தண்டனைச் சட்டத்தின்படி, ஒருவரைப் பகிரங்கமாக இழிவுபடுத்தினால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 திர்ஹாம் வரை அபராதம் விதிக்கப்படலாம். தொலைபேசியில் திட்டினாலோ, பிறர் இருக்கும்போது நேருக்கு நேர் திட்டினாலோ ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 திர்ஹாம் வரை அபராதம்.

ஊரிலும் இது குற்றமே. தமிழ்நாட்டில் அடிதடி வழக்கு எதை எடுத்தாலும் முதல் தகவல் அறிக்கையில் 294(பி) என்ற பிரிவு இருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டுவதற்கான பிரிவு அது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது இப்போது 296 ஆகியிருக்கிறது. ஊரில் அது பெரும்பாலும் அடிதடியோடு ஒட்டிக்கொண்டு வரும். இங்கே அடிதடி எதுவும் இல்லாமல், சொல் ஒன்றை மட்டும் வைத்தே புகார் கொடுக்கிறார்கள், அந்தப் புகாரைக் காவல் நிலையமும் முறைப்படி பதிவு செய்கிறது. இந்த வேறுபாடு புரியாமல்தான் நம்மவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

2. நேரில் பேசுவதற்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கும் தண்டனையில் வித்தியாசம் இருக்கிறதா?

மிகப் பெரிய வித்தியாசம் இருக்கிறது. செய்தியாகவோ, வாய்ஸ் நோட்டாகவோ, பேஸ்புக் பதிவாகவோ திட்டினால் அது இணையக் குற்றச் சட்டத்துக்குள் போய்விடும். 2021-ஆம் ஆண்டின் 34-ஆம் எண் சட்டத்தில் 43-ஆவது பிரிவு, இணையவழியில் ஒருவரை இழிவுபடுத்துவதற்குச் சிறையும், 250,000 முதல் 500,000 திர்ஹாம் வரை அபராதமும், அல்லது இரண்டில் ஒன்றும் விதிக்க இடம் தருகிறது. இதில் குறைந்தபட்சத் தொகையே நம் பணத்தில் ஐம்பது லட்சம் ரூபாயைத் தாண்டும். மாதம் 1,500 திர்ஹாம் வாங்கும் ஒருவர் வாய்விட்டுத் திட்டிவிட்டுப் போயிருந்தால் ஒரு கணக்கு. அதே சொல்லைத் தட்டச்சு செய்து அனுப்பினால் முற்றிலும் வேறு கணக்கு.

நடைமுறையில் நீதிமன்றங்கள் இதைவிடக் குறைவாக விதித்த வழக்குகளும் உண்டு. ஆனால் அதை நம்பியிருக்க முடியாது. 2015-இல் உடன் வேலை செய்பவரை வாட்ஸ்அப்பில் திட்டிய ஒருவருக்குக் கீழ் நீதிமன்றம் 3,000 திர்ஹாம் அபராதம் விதித்தது. அது போதாது என்று அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தபோது, கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கி மறு விசாரணைக்கு உத்தரவிட்டது. இணையக் குற்றச் சட்டத்தை இந்நாட்டவர் எவ்வளவு கடுமையாகப் பார்க்கிறார்கள் என்பது பலருக்கும் அப்போதுதான் உறைத்தது.

3. நான் வாயே திறக்கவில்லை, காரில் இருந்தபடி நடுவிரலைத்தான் காட்டினேன். அதுவுமா?

அதுவும் குற்றம்தான். இழிவுபடுத்துதல் என்பது சொல்லால் மட்டும் நடப்பதில்லை என்பதே இங்குள்ள அணுகுமுறை. 2017-இல் பிரிட்டனிலிருந்து வந்த ஓர் இளைஞர், நெடுஞ்சாலையில் பின்னால் நெருக்கி ஓட்டிவந்தவருக்கு நடுவிரலைக் காட்டிவிட்டு ஊர் திரும்பிவிட்டார். பல மாதங்கள் கழித்து மனைவியோடு மீண்டும் துபாய்க்கு வந்தபோது பிடிபட்டார். அவர் சைகை காட்டியது ஒரு நொடி. எதிரில் இருந்தவர் அதை மறக்காமல் போய்ப் புகார் கொடுத்திருந்தார். நடுவிரல் எமோஜியை அனுப்பினால் சைகையோடு இரண்டாவது பதிலில் சொன்ன இணையக் குற்றமும் சேர்ந்துகொள்ளும்.

ஓட்டுநர் வேலைக்கு வருபவர்களிடம் இதைக் குறிப்பாகச் சொல்வேன். ஷேக் ஸாயித் சாலையில் பின்னால் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்து வழி கேட்பவர்களைப் பார்த்தால், நம் ஊர் வழக்கப்படி கையை வெளியே நீட்டி உதறி, 'என்னய்யா அவசரம்?' என்று கேட்கத் தோன்றும். நீங்கள் நினைத்த பொருளில் அவர் அதை எடுத்துக்கொள்வார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. இதற்கு எதிரான குழப்பமும் நடக்கும். ஐந்து விரல் நுனிகளையும் மேல்நோக்கிக் குவித்து மெல்ல அசைத்தால் அரபு மக்களிடையே 'கொஞ்சம் பொறு' என்று பொருள். அது தெரியாத நம்மவர் ஒருவர், தன்னை ஏதோ கேவலமாகச் சொன்னதாக எண்ணி வண்டியை ஓரங்கட்டிச் சண்டைக்குப் போனதை நான் பக்கத்து இருக்கையில் இருந்து பார்த்திருக்கிறேன். நல்லவேளையாக அந்தப் பெரியவர் சிரித்துவிட்டுப் போனார். ஸ்டியரிங்கிலேயே இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு வழி விட்டுவிடுங்கள்.

4. தமிழில் திட்டினால் யாருக்குப் புரியப் போகிறது?

உங்கள் அறையில் எட்டுப் பேர் இருந்தால் அதில் நான்கு பேருக்காவது புரியும். மலையாளிகளில் பெரும்பாலானோருக்குத் தமிழ் வசைகள் நன்றாகவே தெரியும். புகார் பதிவான பிறகு, மொழி புரியாததால் வழக்கு நின்றுவிடாது. அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் அதை அரபியில் எழுதித் தருவார், நீதிபதி அரபியில்தான் படிப்பார்.

உண்மையான ஆபத்து அந்த மொழிபெயர்ப்பில்தான் இருக்கிறது. நம் பேச்சில் தேய்ந்துபோய்ப் பொருளே இழந்துவிட்ட சொற்கள், இன்னொரு மொழிக்குப் போகும்போது தங்கள் முழுப் பொருளோடு எழுந்து நிற்கின்றன. மதுரையில் நண்பனைத் தோளில் தட்டி 'நாயே, எங்கடா போன?' என்று கேட்பது அன்பாகவே இருக்கலாம். அரபியில் அது 'நாய்' என்று மட்டும் நிற்கும். தாயை இழுத்துச் சொல்லும் வசைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காகிதத்தில் அவை ஒரு குடும்பப் பெண்ணின் ஒழுக்கத்தின் மீதான குற்றச்சாட்டாக மாறிவிடும். விலங்கின் பெயர் எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு 2019-இல் துபாயில் நடந்த வழக்கு ஒன்று உண்டு. முன்னாள் கணவரின் புதிய மனைவியைப் பேஸ்புக்கில் 'குதிரை' என்று எழுதிய ஒரு பிரிட்டன் பெண், முன்னாள் கணவரின் இறுதிச் சடங்குக்காக வந்த இடத்தில் கைது செய்யப்பட்டு, வாரக்கணக்கில் காத்திருந்து, 3,000 திர்ஹாம் அபராதம் கட்டிய பிறகே வீடு திரும்ப முடிந்தது.

5. நண்பர்களுக்குள் விளையாட்டுக்குத்தானே பேசிக்கொள்கிறோம். எங்கள் குரூப்பில் எல்லாரும் நம்ம பையன்கள்தான்.

திட்டு வாங்கியவர் புகார் கொடுத்தால்தான் இந்த வழக்கு தொடங்கும். குற்றம் தெரியவந்த மூன்று மாதங்களுக்குள் அவர் புகார் கொடுக்க வேண்டும். ஆகவே நண்பர் நண்பராக இருக்கும்வரை ஒன்றும் நடக்காது என்பது சரிதான். நட்பு எப்போது முறியும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. என்னிடம் வந்தவற்றில் பாதிக்கு மேல் கடன் கொடுக்கல் வாங்கலில் முளைத்தவை. கொடுத்த 2,000 திர்ஹாமைத் திருப்பிக் கேட்டுப் பத்து நாள் பொறுமையாக எழுதியவர், பதினோராம் நாள் இரவு ஒரு வசையை அனுப்புகிறார். கடன் வாங்கியவர் மறுநாள் காலை அதை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போகிறார். பணத்தை இழந்தவரே குற்றவாளியாக நிற்கிறார்.

குரூப்பில் நாற்பது பேர் இருந்தால், நீங்கள் எழுதியதற்கு நாற்பது நகல்களும் நாற்பது சாட்சிகளும் இருக்கிறார்கள். அனுப்பியதை அழித்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். பார்த்தவர் அதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார்.

6. போலீஸ்காரரிடம் கோபமாகப் பேசிவிட்டால்?

பணியில் இருக்கும் அரசு ஊழியரை இழிவுபடுத்தினால் தண்டனை இரண்டு ஆண்டு சிறை வரை போகும். அபராதம் 20,000 முதல் 50,000 திர்ஹாம் வரை. இரண்டில் ஒன்றை மட்டும் விதிக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அபராதச் சீட்டு தவறு என்று தோன்றினால் அதை எதிர்த்து மனுக் கொடுக்க வழி இருக்கிறது. சாலையில் நின்று வாதம் செய்யாதீர்கள்.

7. ஒருவனுடைய மதத்தையோ நாட்டையோ சொல்லித் திட்டினால் அது தனிக் கேஸா?

தனி வழக்கு மட்டுமல்ல, இதுவரை சொன்ன எல்லாவற்றையும்விடக் கடுமையான வழக்கு. பாகுபாட்டுக்கும் வெறுப்புக்கும் எதிரான சட்டம் 2015-இல் வந்தது. அதன் இடத்தில் 2023-இல் 34-ஆம் எண் சட்டம் வந்திருக்கிறது. மதம், இனம், நிறம் ஆகியவற்றின் பெயரால் இழிவு செய்வதை இவை நேரடியாகத் தொடுகின்றன. இதில் அபராதம் லட்சக்கணக்கான திர்ஹாம்களில் பேசப்படுகிறது. 2020 ஏப்ரலில், சமூக ஊடகங்களில் மத வெறுப்புப் பதிவுகள் போட்ட இந்தியர்கள் சிலர் வேலை இழந்தபோது, அன்றைய இந்தியத் தூதர் பவன் கபூரே வெளிப்படையாக எச்சரிக்க வேண்டியிருந்தது. லேபர் கேம்ப்பில் வெவ்வேறு நாட்டவர் ஒரே அறையில் இருக்கிறோம். சமையலறைச் சண்டையில் பாகிஸ்தானியரைப் 'பச்சா' என்றும் 'பட்டான்' என்றும் ஏளனமாகச் சொல்லித் தொடங்குவது எங்கே போய் முடியும் என்று சொல்ல முடியாது.

8. அப்படியானால் ஜெயில் நிச்சயமா? ஊருக்கு அனுப்பிவிடுவார்களா?

நிச்சயம் இல்லை. சிறிய வழக்குகள் பலவற்றை அரசு வழக்குத் தொடுநர் அலுவலகமே அபராத ஆணையோடு முடித்துவிடுவதும் உண்டு. சிறைத் தண்டனைக்கு இடமுள்ள குற்றத்தில் தண்டிக்கப்படும் வெளிநாட்டவரை நாடு கடத்த உத்தரவிடும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. அதைப் பயன்படுத்துவதும் விடுவதும் வழக்கைப் பொறுத்தது.

ஆனால் நான் பார்த்தவரை ஆட்களை உடைப்பது தண்டனை அல்ல, அதற்கு முன்னால் ஓடும் மாதங்கள்தான். பாஸ்போர்ட் பிணையாகக் காவல் நிலையத்தில் இருக்கும். சில வழக்குகளில் நண்பர் ஒருவரும் தன் பாஸ்போர்ட்டை வைக்க வேண்டியிருக்கும். பயணத் தடை விழும். விசாரணைக்குப் போக விடுப்புக் கேட்டுக் கேட்டு நிறுவனத்துக்கும் அலுத்துவிடும். விசா முடியும் நேரத்தில் வழக்கு இருந்தால் புதுப்பிப்பதும் சிக்கலாகும். என்னோடு ஒரே அறையில் இருந்த ஒருவருக்குக் கடைசியில் விழுந்தது சிறிய அபராதம்தான். அதற்குள் தங்கையின் திருமணம் ஊரில் நடந்து முடிந்திருந்தது. அவர் அதை வீடியோ அழைப்பில் பார்த்தார். நான் இந்தக் கேள்விகளைத் தொகுக்க அந்த இரவும் ஒரு காரணம்.

9. நம் மேல் கேஸ் இருக்கிறதா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா? ஏர்போர்ட்டில் போய்த்தான் தெரியுமா?

பலருக்கு விமான நிலையத்தில்தான் தெரிகிறது. 2021 தொடக்கத்தில் செய்தியான ஒரு வழக்கில், ஒரு பிரிட்டன் பெண் அமீரக வேலையை விட்டுவிட்டு, பொருட்களையெல்லாம் அனுப்பிவிட்டு விமானம் ஏறப் போனார். ஊரடங்கு நாட்களில் சாப்பாட்டு மேசையை யார் பயன்படுத்துவது என்ற சண்டையில் அறைத்தோழிக்கு அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் வசைக்காக அங்கே நிறுத்தப்பட்டார்.

துபாய் காவல்துறையின் செயலியில் பார்க்கும் வசதி உண்டு, ஆனால் அது காசோலை, கடன் போன்ற பண வழக்குகளுக்கானது. அதில் ஒன்றும் இல்லை என்று வந்தால் வசை வழக்கும் இல்லை என்று பொருள் கொள்ளாதீர்கள். அபுதாபிக்கு 'எஸ்தஃப்ஸர்' என்ற நீதித்துறைச் சேவை இருக்கிறது. சந்தேகம் வலுவாக இருந்தால், ஊர் போவதற்குச் சில வாரங்கள் முன்பே ஒரு வழக்கறிஞருக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்துக் காவல் நிலையத்தில் விசாரிக்கச் சொல்வதே பாதுகாப்பான வழி.

10. மன்னிப்புக் கேட்டால் கேஸ் போய்விடுமா?

பெரும்பாலும் இதுவே மிக நல்ல வழி. ஐந்தாவது பதிலில் சொன்னபடி இது புகார்தாரரைச் சார்ந்த வழக்கு என்பதால், இறுதித் தீர்ப்புக்கு முன் அவர் புகாரைத் திரும்பப் பெற்றால் வழக்கு முடிவுக்கு வரும். ஏழாவது பதிலில் சொன்ன மத வெறுப்பு வழக்குகளில் இந்தக் கதவு திறந்திருக்கும் என்று எண்ண வேண்டாம்.

எப்படிக் கேட்பது என்பதில் கவனம் வேண்டும். நேராகப் போய்க் கெஞ்சுவதும், பத்து அழைப்புகள் செய்வதும், 'கேஸை வாபஸ் வாங்கு, இல்லாவிட்டால்' என்று எழுதுவதும் புதிய புகாருக்கே வழி செய்யும். இருவருக்கும் பொதுவான பெரியவர் ஒருவரை அனுப்புங்கள். புகார் கொடுத்தவர் சம்மதித்தால் நீங்கள் இருவருமாகக் காவல் நிலையத்துக்கோ வழக்குத் தொடுநர் அலுவலகத்துக்கோ போய் முறைப்படி எழுதிக் கொடுக்க வேண்டும். வாயால் 'மன்னித்துவிட்டேன்' என்று சொன்னது எந்தக் கோப்பிலும் ஏறாது.

11. அவன்தான் என்னைத் திட்டுகிறான். வீடியோ எடுத்து எல்லாரும் பார்க்கப் போட்டுவிடட்டுமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். இந்த ஒரு கேள்வியில்தான் நியாயம் உள்ளவரே அதிகம் அடிபடுகிறார். இரண்டாவது பதிலில் சொன்ன அதே இணையக் குற்றச் சட்டத்தின் 44-ஆவது பிரிவு, ஒருவரின் சம்மதம் இல்லாமல் அவருடைய பேச்சைப் பதிவு செய்வதையும் படம் எடுத்துப் பரப்புவதையும் தனிக் குற்றமாக்குகிறது. தண்டனை ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை, 150,000 முதல் 500,000 திர்ஹாம் வரை அபராதம், அல்லது இரண்டில் ஒன்று. அவர் திட்டியதற்குக் கிடைக்கக்கூடியதைவிட, நீங்கள் படம் பிடித்ததற்குக் கிடைப்பது பெரிதாக இருக்கலாம்.

2015-இல் அபுதாபியில் வசித்த ஓர் ஆஸ்திரேலியப் பெண், மாற்றுத்திறனாளிகளுக்கான இரண்டு இடங்களை அடைத்து நிறுத்தப்பட்டிருந்த காரைப் படம் எடுத்துப் பேஸ்புக்கில் போட்டார். வண்டி எண்ணைக் கூட மறைத்துத்தான் போட்டார். ஆனாலும் 10,000 திர்ஹாம் அபராதம் விதிக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டார். அவர் சொல்ல வந்த விஷயம் சரியானது என்பது அவரைக் காப்பாற்றவில்லை. உங்களுக்கு வந்த வசைச் செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள், ஒரு சொல் கூடத் திருப்பி எழுதாதீர்கள், மூன்று மாதத்துக்குள் காவல் நிலையத்துக்குப் போங்கள். 'அவன்தான் முதலில் ஆரம்பித்தான்' என்று சொல்லிவிட்டு நீங்களும் திட்டியிருந்தால், இருவர் மீதும் வழக்கு வரும்.

12. சூப்பர்வைசர் தினமும் அசிங்கமாகத் திட்டுகிறார். ஒரு நாள் திருப்பிக் கொடுத்தால் என்ன ஆகும்?

தொழிலாளர் சட்டம் இரண்டு பக்கமும் வெட்டும். 2021-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் சட்டம், முதலாளியோ மேலாளரோ உடன் வேலை செய்பவரோ தொழிலாளியைச் சொல்லால் வன்கொடுமை செய்வதைத் தடை செய்கிறது. அதே சட்டத்தின் 44-ஆவது பிரிவு, முதலாளியையோ மேலாளரையோ சக ஊழியரையோ சொல்லால் தாக்கிய தொழிலாளியை, எழுத்துமூல விசாரணைக்குப் பிறகு, முன்னறிவிப்பு இல்லாமல் நீக்கவும் அனுமதிக்கிறது. நீங்கள் நூறு நாள் கேட்டுக்கொண்ட வசைக்குச் சாட்சி இருக்காது. நீங்கள் திருப்பிச் சொன்ன ஒரு வசைக்கு அலுவலகமே சாட்சி சொல்லும்.

தேதி, நேரம், இடம், அருகில் இருந்தவர் பெயர், சொன்ன சொல் ஆகியவற்றை ஒரு நோட்டில் அன்றன்றே எழுதி வையுங்கள். மனிதவள அமைச்சகத்தில் தொழிலாளர் புகார் கொடுக்கலாம். பேச்சைப் பதிவு செய்து ஆதாரம் காட்டலாம் என்று யாராவது சொன்னால், முந்தைய பதிலை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

13. நான் வேலையை முடித்து ஊருக்கே வந்துவிட்டேன். இங்கிருந்து அந்தக் கம்பெனிக்காரனைப் பற்றி நாலு வார்த்தை எழுதலாமா?

நான்காவது பதிலில் வந்த பிரிட்டன் பெண், அந்தப் பதிவை எழுதியது 2016-இல், அமீரகத்துக்கு வெளியே இருந்தபோது. திட்டப்பட்டவர் அமீரகத்தில் இருந்து அதைப் படித்துப் புகார் கொடுத்தால் வழக்கு அங்கே காத்திருக்கும். மறுபடி வளைகுடா வேலைக்கு வருவது மட்டுமல்ல, வேறு நாட்டுக்குப் போகும் வழியில் துபாயில் விமானம் மாறுவதும் உங்களுக்குக் கவலையாகிவிடும். சம்பள பாக்கி இருந்தால் வசை சேர்க்காமல் புகாராக எழுதுங்கள்.

14. இதெல்லாம் வளைகுடாவில் மட்டும்தானே? சிங்கப்பூருக்கோ ஐரோப்பாவுக்கோ போனால் தப்பிக்கலாமா?

சிங்கப்பூரில் 2014-இல் வந்த தொல்லைத் தடுப்புச் சட்டம் இழிவான சொல்லையும் நடத்தையையும் தொடுகிறது. அரசு ஊழியரையோ பொதுச் சேவைப் பணியாளரையோ திட்டினால் 5,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதமும் ஓராண்டு வரை சிறையும் உண்டு. ஜெர்மனியில் தண்டனைச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு இழிவுபடுத்துதலைக் குற்றமாக்குகிறது. சாலையில் காட்டும் நடுவிரலுக்கும் இது பொருந்தும். அபராதம் உங்கள் ஒரு நாள் வருமானத்தை அடிப்படையாக வைத்துக் கணக்கிடப்படும். இதற்கு நேர் எதிராக, கனடாவின் கியூபெக்கில் 2023-இல் ஒரு நீதிபதி, நடுவிரல் காட்டுவது அரசமைப்பு காக்கும் உரிமை என்றே தீர்ப்பில் எழுதினார். கனடாவில் இருக்கும் உறவினர் சொல்வதை வைத்து துபாயில் நடந்துகொள்ளாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

15. பிடித்துவிட்டார்கள். முதலில் என்ன செய்வது? தூதரகம் வெளியே எடுத்துவிடுமா?

தூதரகத்தால் வழக்கை ரத்துச் செய்ய முடியாது, இந்நாட்டு நீதிமன்றத்தில் தலையிடவும் முடியாது. ஆனால் 1963-ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவுகள் ஒப்பந்தத்தின் 36-ஆவது பிரிவின்படி, கைதானவர் கேட்டால் அவருடைய நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். அதைக் கேட்பது உங்கள் உரிமை. அபுதாபியில் இந்தியத் தூதரகமும் துபாயில் துணைத் தூதரகமும் உள்ளன. குடும்பத்துக்குத் தகவல் சொல்வது, வழக்கறிஞர்களைத் தெரிவிப்பது, வழியே இல்லாதவர்களுக்கு இந்தியச் சமூக நல நிதியிலிருந்து சட்ட உதவி பெற முயல்வது ஆகியவை அவர்களால் முடிந்தவை. ஊரில் இருக்கும் குடும்பத்தார் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் மனுப் பதிவு செய்யலாம்.

காவல் நிலையத்தில் உங்கள் வாக்குமூலம் அரபியில் எழுதப்படும். கையெழுத்துப் போடும் முன், அதை உங்களுக்குப் புரியும் மொழியில் முழுவதும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். தமிழில் நீங்கள் சொன்ன சொல் எந்த அரபுச் சொல்லாக எழுதப்பட்டிருக்கிறது என்று மொழிபெயர்ப்பாளரிடம் கேளுங்கள். அவசரத்தில் 'சரி, சரி' என்று தலையாட்டிக் கையெழுத்துப் போட்ட தாளையே நீதிமன்றம் கடைசிவரை உங்கள் வார்த்தையாகப் படிக்கும்.